நாலு பேர் வீட்டுத் தண்ணீர்

"பொய் சொல்லாதீங்கக்கா. நேத்து முழுக்க இந்தக் குழாயைத் திறக்கவே இல்லதானே?"

"சமைக்கலடி. வெளியில வாங்கிச் சாப்பிட்டேன்."

"காபிகூடப் போடலையா?"

"நீ வந்தா உனக்கும் சேர்த்துப் போடலாம்னு இருந்தேன்."

ரஷீதா சிரித்துவிட்டாள். பிலோமினா பிடித்து வைத்திருந்த டம்ளரில் ஈயமானியின் முனை மிளகாய்ப் பழம்போல் சிவந்திருந்தது.

தண்ணீரில் ஈயத்தை அளக்கும் விரல் நீள ஈயமானி வந்த பிறகு துறைமுகத்தை ஒட்டிய அடுக்ககங்களில் யாரும் அதிகாரிகளுக்காகக் காத்திருக்கவில்லை. ஈயம் கலந்த பழைய குழாய்கள் எல்லாச் சுவர்களுக்குள்ளும் ஓடின. அவற்றை மாற்றப் பணமில்லை. தண்ணீரை அளக்க முடிந்தது. குடியிருப்பவர்களே குழுவாகச் சேர்ந்து, காலையில் குழாயிலிருந்து விழும் முதல் தண்ணீரை அளந்தார்கள். அளவு மீறினால் வாசல் விளக்கு சிவக்கும். சிவந்த வாசலுக்குக் குழுவிலிருந்து ஒருவர் தினமும் வந்து, ஒரு குடம் நல்ல தண்ணீர் இறக்கிவைத்து, மறுபடி அளந்து பார்ப்பார். நீல வாசல்களுக்கு யாரும் போகவேண்டியதில்லை.

பதினோராம் மாடியில், வீட்டுத் திரையின் முன் அமர்ந்தபடியே துறைமுகத்துப் பாரந்தூக்கியை இயக்குவது பிலோமினாவின் வேலை. அவள் தூக்கி இறக்கும் சரக்குப் பெட்டிகள் பேசாது. முதல் தடவை விளக்கு தானாகத்தான் சிவந்தது. தேங்கத் தேங்கத் தண்ணீரில் ஈயம் ஊறும் என்று புரிந்துகொண்ட பிறகு, அவள் குழாயைத் தொடுவதையே விட்டுவிட்டாள். குழுவிலிருந்து ரஷீதா வரவேண்டுமே!

"மர்மத்தைக் கண்டுபிடிச்சுட்டோம்கா" என்று ரஷீதா அடுக்ககத்தின் படத்தைக் காட்டினாள். "எல்லாருக்கும் ஒரே குழாய்தான். ஆனா சிவப்பெல்லாம் எங்க இருக்கு பாருங்க. ஒத்தை ஆள் வீடு. ஏழாவது மாடி சபாபதி சார், கீழ நர்ஸம்மா, அப்புறம் நீங்க. எங்க வீட்ல ஆறு பேரு. தண்ணி நின்னு மூச்சு விடக்கூட நேரம் கிடையாது."

பிலோமினா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாடிக்கு மாடி சிவப்புப் புள்ளிகள். இத்தனை பேரா! ஒருவரையும் அவளுக்குத் தெரியாது.

ரஷீதா பையிலிருந்து உள்ளங்கையளவு தானோட்டியை எடுத்துக் குழாயில் திருகினாள். "வீடு நிறைய ஆள் இருக்கிற மாதிரி இதுவே திறந்து மூடும். ஓடுற தண்ணி கீழ மரத்துக்குப் போயிடும். எத்தனை பேர்னு வைக்கட்டும்? நாலே வைக்கிறேன், அதான் நல்லது."

குழாய் திறந்தது. யாரோ அரிசி களைவதுபோல் நிதானமாக ஓடி நின்றது. யாரோ டம்ளரில் பிடிப்பதுபோல் கொஞ்சம். பிறகு ஒரு குழந்தை அவசரமாகக் கைகழுவுவதுபோல் சளசளவென்று. பிலோமினா தன்னையறியாமல் சமையலறைக்குள் எட்டிப் பார்த்தாள்.

ரஷீதா மறுபடி அளந்தாள். வாசல் விளக்கு நீலமானது.

"அவ்வளவுதான்கா. இனிமே என் தொல்லை உங்களுக்கு இல்ல." காலிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு செருப்பை மாட்டினாள்.

உள்ளே மறுபடியும் யாரோ அரிசி களைந்தார்கள்.

"ரஷீதா."

"ம்?"

"அதை மூணு பேர்னு மாத்திடு. நாலாவது ஆளோட தண்ணிய மட்டும், காலையில நீயே வந்து திறந்துவிட்டுட்டுப் போறியா?"