கொராலி போட்ட தடம்

"யாரெல்லாம் உள்ள பருத்தி பனியன் போட்டிருக்கீங்க? பொய் சொல்லாம கை தூக்குங்க!"

போட்டியை நடத்தும் பெலாஞ்சே மேடம் போட்ட சத்தத்தில் கிளையில் இருந்த பனியே பொத்தென்று விழுந்தது. மூன்று பிள்ளைகள் மெல்லக் கை தூக்கினார்கள்.

"குடிலுக்குள்ள போய்க் கம்பளி மாத்திட்டு வாங்க. பருத்தி நனைஞ்சா காயாது. காயலைன்னா காட்டுக்குள்ள நீங்க ஐஸ் குச்சிதான்!"

பிறகு மேடம் வரிசையாகப் பைகளைச் சோதித்துக்கொண்டு வந்தார். சந்தையில் கத்தரிக்காய் பொறுக்குகிறவர்கூட அப்படி உருட்டிப் புரட்டிப் பார்க்க மாட்டார்.

"விசில்?"

"இருக்கு மேடம்" என்றான் குளோவிஸ்.

"தலைவிளக்கு? மாத்துக் காலுறை? மாத்துக் கையுறை?"

"எல்லாம் இருக்கு மேடம்."

"சாப்பிட ஏதாவது?"

"இருந்துச்சு மேடம்."

பக்கத்தில் நின்ற அவன் அக்கா கொராலி தலையில் அடித்துக்கொண்டாள். போட்டி தொடங்கவே இல்லை, அதற்குள் ரொட்டி தீர்ந்துவிட்டது!

போட்டி என்ன தெரியுமா? காட்டுக்குள் நான்கு இடங்களில் ஆரஞ்சு நிறக் கொடி கட்டியிருப்பார்கள். வரைபடத்தையும் திசைகாட்டியையும் வைத்துக்கொண்டு தேடிப் போக வேண்டும். ஒவ்வொரு கொடியிலும் தொங்குகிற துளைக்கருவியால் அட்டையில் ஓட்டை போட வேண்டும். இருட்டுவதற்குள் குடிலுக்குத் திரும்பிவிட வேண்டும். முதலில் வருகிற ஜோடிக்கு ஒரு பெரிய டின் மேப்பிள் மரத்துப் பாகு. காலில் பனிமிதியடி கட்டிக்கொண்டுதான் நடை. டென்னிஸ் மட்டை அகலத்துக்கு இருக்கும் அதை பூட்ஸில் கட்டிக்கொண்டால், மெத்துப் பனியிலும் ஆள் புதைய மாட்டார்.

போன வருடமே அந்த டின் கொராலிக்குக் கிடைத்திருக்க வேண்டியது. அவள் வகுப்புப் பையன் எமெரிக் வரைபடத்தைத் திறந்தே பார்க்காமல், பனியில் அவள் பதித்த தடத்தைப் பிடித்துக்கொண்டே வந்தான். கடைசியில் குடில் தெரிந்ததும் அவளைத் தாண்டி ஓடிப் பரிசைத் தட்டிக்கொண்டு போனான். பாகு போனது மட்டுமா? "தடம் நல்லா இருந்துச்சு, நன்றி!" என்று வேறு சொன்னான். அதைத்தான் கொராலியால் ஒரு வருடமாக விழுங்க முடியவில்லை.

இந்த முறை விடுவாளா?

மாண்ட்ரியலில் இருக்கும் சித்தி புதுக் கையுறை அனுப்பியிருந்தார். விரல் மூடியைப் பின்னால் மடித்தால் அது 'டக்' என்று புறங்கையில் ஒட்டிக்கொள்ளும். உள்ளே சின்னக் காந்தம் வைத்துத் தைத்திருந்தார்கள். விரல் வெளியே வந்துவிடும், வரைபடம் பிரிக்க வசதி. "பழசையே போட்டுக்கோடி, பழகின கையுறைதான் காட்டுக்கு நல்லது" என்று அம்மா காலையில் சொன்னார். "அம்மா, அது சட்டி இறக்குற துணி மாதிரி இருக்கு!" என்று கொராலி அதைப் பைக்குள் திணித்துவிட்டாள்.

அம்மா இன்னொன்றும் சொல்லியிருந்தார். "தம்பி உன் பொறுப்பு. அவனை விட்டுட்டு ஒரு அடி போகக் கூடாது."

மேடம் விசில் ஊதினார். ஜோடிகள் கிளம்பின.

முதல் இரண்டு கொடிகளும் நடைபாதை ஓரத்திலேயே இருந்தன. திசைகாட்டியை எடுக்கவே தேவையில்லை. ஆனால் பின்னாலேயே 'கர்ரக் கர்ரக்' என்று ஒரு சத்தம். கொராலி திரும்பிப் பார்த்தாள். எமெரிக்கேதான்! கூடவே அவன் குட்டித் தங்கை ஆனூக், தன் உயரத்தில் பாதி இருக்கும் மிதியடியை இழுத்துக்கொண்டு வந்தாள்.

"ஏய் கொராலி, கொஞ்சம் மெதுவாப் போயேன்! என் தங்கச்சிக்கு மூச்சு வாங்குது!"

"உனக்கு வரைபடம் கொடுக்கலையா?"

"கொடுத்தாங்களே. கசங்காம மடிச்சு வெச்சிருக்கேன். நீ இருக்கும்போது அது எதுக்கு?"

கொராலிக்கு மூக்கின் நுனிவரை கோபம் வந்தது. "வேகமா வாடா" என்று தம்பியை இழுத்தாள்.

மூன்றாவது கொடி உறைந்த ஏரிக்கரையில் இருந்தது. அதற்குப் பாதை கிடையாது, காட்டைக் குறுக்கே வெட்டித்தான் போக வேண்டும். அந்த நேரம் பார்த்து வானம் மூடிக்கொண்டது. சூரியன் எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை. பனி தூற ஆரம்பித்தது.

கொராலி விரல் மூடியை மடித்தாள். 'டக்.' உள்ளங்கையில் திசைகாட்டியை வைத்தாள். முள் ஆடி நின்றது.

"அந்தப் பக்கம்!"

நடந்தார்கள். எமெரிக்கை உதற வேண்டும் என்ற ஒரே நினைப்பில் கொராலி வரைபடத்தைச் சரியாகப் பார்க்கவில்லை. நிலம் ஏறிக்கொண்டே போனது.

"அக்கா, ஏரி மேட்டு மேலயா இருக்கும்?"

"முதல்ல மேடு, அப்புறம் பள்ளம் வரும். பேசாம வா."

"வரைபடத்துல அந்த மேடே இல்லையே?"

"திசைகாட்டி பொய் சொல்லாதுடா!"

பின்னால் எமெரிக் பாடிக்கொண்டே வருவது கேட்டது. அவன் வாய் எப்போது சும்மா இருந்திருக்கிறது?

குட்டி மரங்கள் அடர்ந்த இடம் வந்தது. பனிக்கு மேலே மரங்களின் நுனி மட்டும் தொப்பி மாதிரி தெரிந்தது. அந்த மாதிரி மரத்தை ஒட்டி நடக்கவே கூடாது. மேலே பார்த்தால் கெட்டிப் பனிபோல இருக்கும், கிளைகளுக்கு அடியில் வெற்றுக் குழி. அது கொராலிக்கும் தெரியும். ஆனால் அவசரம் யாரை விட்டது?

'புஸ்ஸ்!'

குளோவிஸ் இடுப்புவரை உள்ளே போனான்.

"அக்கா!"

கொராலி அவன் பைப்பட்டியைப் பிடித்து முழு பலத்தோடு இழுத்தாள். மூன்றாவது இழுப்பில் வெளியே வந்தான். பூட்ஸுக்குள் எல்லாம் பனி. "ஒண்ணும் இல்லை, ஒண்ணும் இல்லை" என்று தட்டிவிட்டு, அவனைக் கூட்டிக்கொண்டு மேலே நடந்தாள். வாய் பிளந்து கிடந்த குழி மேல் பனி தூறிக்கொண்டே இருந்தது.

மேட்டின் உச்சிக்கு வந்தார்கள். பள்ளத்தையும் காணோம், ஏரியையும் காணோம். சுற்றிலும் மரம், மரம், மரம்.

"நீ தப்பாப் பாக்குற, இங்க கொடு" என்று குளோவிஸ் திசைகாட்டியைப் பிடுங்கினான். முள் சர்ரென்று சுழன்று வேறு பக்கம் போய் நின்றது.

"நான் ஒண்ணும் பண்ணலைக்கா! சத்தியமா! அதுவேதான் திரும்பிச்சு!"

கொராலி வாங்கினாள். முள் பழைய இடத்துக்கே வந்தது. தம்பியிடம் கொடுத்தாள், போனது. வாங்கினாள், வந்தது. தம்பி கையில் திசைகாட்டி இருக்கும்போதே தன் கையுறையை மட்டும் பக்கத்தில் கொண்டுபோனாள். பிஸ்கட்டைப் பார்த்த நாய்க்குட்டி மாதிரி முள் கையுறையைத் துரத்தியது.

"காந்தம்" என்றாள் கொராலி மெதுவாக. "திசைகாட்டி இல்லைடா. என் கையுறைதான் வழி சொல்லியிருக்கு."

புதுக் கையுறையைக் கழற்றிப் பையின் அடியில் போட்டாள். பழைய கம்பளிக் கையுறையை மாட்டிக்கொண்டாள். தம்பியை உட்காரவைத்து, ஈரக் காலுறையைக் கழற்றிவிட்டுக் காய்ந்ததை மாட்டிவிட்டாள். அவன் கால் மீன்போலச் சில்லென்று இருந்தது.

அப்போது பனி கொஞ்சம் விட்டது. மரங்களுக்கு இடையே, கீழே, வெள்ளைத் தட்டு மாதிரி ஏரி தெரிந்தது! அதற்கு அந்தப் பக்கம் குடிலின் புகை.

"அக்கா! நேரா இறங்கினா போயிடலாம்! இருட்டுறதுக்குள்ள போயிடலாம்!"

கொராலிக்கு உயிர் வந்தது. ஒரு அடி எடுத்து வைத்தவள் நின்றுவிட்டாள்.

"டேய், அவன் பாட்டு கேக்குதா?"

இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார்கள். காற்று மட்டும் வீசியது.

"நம்ம பின்னாடியேதானே வந்தாங்க? இந்நேரம் இங்க வந்திருக்கணுமே" என்றாள் கொராலி.

"திரும்பிப் போயிருப்பாங்க. வாக்கா, குளிருது."

திரும்பிப் போயிருக்கலாம். போயிருந்தால் நல்லது. போன வருடம் செய்ததற்கு நன்றாக அலையட்டும் என்றுகூட ஒரு நிமிடம் தோன்றியது. ஆனால் எமெரிக்குக்குத் தனியாக வழி பார்க்கத் தெரியாதே! அவனுக்குத் தெரிந்ததெல்லாம் அவள் தடம். அந்தத் தடம் நேராக அந்தக் குழிக்குத்தான் போகிறது. குழியைப் பனி மூடியிருக்கும். ஆனூக்கோ குளோவிஸைவிடக் குட்டி.

"குளோவிஸ், நாம வந்த வழியே திரும்பிப் போறோம்."

"என்னது! ஏரி அங்க இருக்கு!"

"தெரியும். என் தடத்தை நம்பித்தான் அவங்க வந்தாங்க. என் தடம் தப்பு."

"இருட்டிடுமேக்கா..."

"அதான் ஓடணும்."

குளோவிஸ் ஏரியை ஒரு முறை ஏக்கமாகப் பார்த்தான். பிறகு, "தலைவிளக்கை நான்தான் போடுவேன்" என்றான்.

இறங்கினார்கள். வெளிச்சம் நீலமாக மாறிக்கொண்டிருந்தது. பாதித் தடம் பனியில் மறைந்துவிட்டது. குட்டி மரங்களை நெருங்கும்போது யாரோ அழுகிற சத்தம். ஆனூக் இல்லை, எமெரிக்!

அவன் பனியில் மண்டியிட்டுக் கிடந்தான். அவன் முன்னால் ஒரு சிவப்புத் தொப்பியும் இரண்டு கண்களும் மட்டும் தெரிந்தன. ஆனூக் தோள்வரை புதைந்திருந்தாள். அவள் அழவில்லை, பல் மட்டும் தந்தி அடித்தது.

"இழுத்தேன், வரலை! கால் உள்ள எதுலயோ மாட்டிக்கிச்சு!" எமெரிக் விசிலைக் காட்டினான். "இதுவும் ஊதலை. கழுத்துல வெளிய தொங்கவிட்டிருந்தேன், உள்ள எச்சில் உறைஞ்சு போச்சு!" ஊதிக் காட்டினான். 'ப்ஃப்' என்றது.

கொராலி சட்டைக்குள்ளிருந்து தன் விசிலை எடுத்தாள். மூன்று முறை ஊதினாள். காட்டை அறுத்துக்கொண்டு போனது சத்தம். பதில் இல்லை.

"நீ ஊதிக்கிட்டே இரு" என்று எமெரிக்கிடம் கொடுத்தாள். குழியின் அருகே போகப் பார்த்தாள். அவள் காலுக்கடியில் பனி 'மளக்' என்று இறங்கியது. சட்டென்று பின்வாங்கினாள்.

"நான் கனமில்லைக்கா" என்றான் குளோவிஸ். "நான் போறேன்."

கொராலி தன் மிதியடிகளைக் கழற்றிப் பனிமேல் பலகை மாதிரி போட்டாள். அவற்றின் மேல் குளோவிஸ் குப்புறப் படுத்தான். அவன் இரண்டு காலையும் கொராலி கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அவன் கையுறையைக் கழற்றிவிட்டுக் குழிக்குள் கையை விட்டான்.

"மிதியடி கிளைக்குள்ள மாட்டியிருக்கு. வாரை அவுக்கணும்... ஆனூக், நீ ஆடாத."

"நான் ஆடலை. குளிர்தான் ஆட்டுது" என்றாள் ஆனூக்.

"விரல் மரத்துப் போகுதுக்கா!"

"எடுத்துடு! சூடு பண்ணிட்டு மறுபடி பாக்கலாம்."

"இரு, இரு... கொக்கி கிடைச்சிருச்சு..."

எமெரிக் ஊதிக்கொண்டே இருந்தான். கொராலி தம்பியின் காலை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். தம்பி உன் பொறுப்பு, தம்பி உன் பொறுப்பு என்று அம்மாவின் குரல் காதிலேயே கேட்டது.

"அவுந்துடுச்சு! இழு!"

கொராலி தம்பியை இழுத்தாள், தம்பி ஆனூக்கை இழுத்தான். இருவரும் மூட்டைபோல வெளியே வந்து விழுந்தார்கள். எமெரிக் தங்கையைக் கட்டிப்பிடித்த வேகத்தில் மறுபடி குழிக்குள் தள்ளிவிடப் பார்த்தான்.

"டேய், தள்ளிப் போய்க் கொஞ்சு!" என்று கத்தினாள் கொராலி.

கொராலி தம்பியின் கையைத் தன் கோட்டுக்குள் விட்டு, விரல்கள் சிவக்கும்வரை அக்குளில் வைத்துக்கொண்டாள். எமெரிக் நீளக் கிளை ஒன்றால் மாட்டியிருந்த மிதியடியைத் தூண்டில் போட்டு எடுத்தான். ஆனூக்குக்குக் காய்ந்த காலுறை மாட்டினார்கள். எமெரிக் பையில் இருந்த வெல்லப்பாகு பிஸ்கட்டை நாலு பேரும் தின்றார்கள். அதில் பாதி குளோவிஸ் தின்றான் என்பதை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

கொராலி விசிலைத் திரும்ப வாங்கி மறுபடி ஊதினாள். இந்த முறை ஏரிப் பக்கமிருந்து, மெல்லிசாக, மூன்று முறை பதில் வந்தது!

"பெலாஞ்சே மேடம்!" என்று குதித்தான் குளோவிஸ்.

அவர்கள் இருந்த இடத்துக்கும் ஏரிக்கும் நடுவே யாரும் கால் வைக்காத பனி முழங்கால் ஆழத்துக்குக் கிடந்தது. முதல் ஆளாகப் போய்ப் பனியை மிதித்துத் தடம் போடக் கொராலியிடம் தெம்பு இல்லை.

எமெரிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தான்.

"நான் போறேன். திசை மட்டும் சொல்லுங்க."

குளோவிஸ் திசைகாட்டியைப் பிடித்தான். கொராலி வரைபடத்தைப் பிடித்தாள். ஆனூக் நடுவில். எமெரிக் தலைவிளக்கைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு காலாகத் தூக்கி வைத்தான். ஒவ்வொரு குட்டி மரத்தையும் ஊர் சுற்றுவதுபோல விலகிச் சுற்றிக்கொண்டு போனான். அதற்குள் மூச்சு வாங்கியது.

"கொராலி... முன்னாடி போறது இவ்ளோ கஷ்டமா?"

கீழே ஏரிமேல் இரண்டு விளக்குகள் அசைந்து அசைந்து அவர்களை நோக்கி வந்துகொண்டிருந்தன.

"பேசாம பாத்து நடடா. பின்னாடி மூணு பேரு வர்றோம்."

எமெரிக் வாயை மூடிக்கொண்டான். அடுத்த அடியை இன்னும் கவனமாக எடுத்து வைத்தான்.