நாலாம் நம்பர் கூடாரத்துப் பூட்ஸ்

"நாலாம் நம்பர்ல ஒரு ஆளைக் காணோம்" என்றார் வெர்ன்.

எம்மெட் காப்பிப் பாத்திரத்தை நெருப்பிலிருந்து நகர்த்தினார். "எப்பலேர்ந்து?"

"வந்த நாள்லேர்ந்து."

குருட்டுக் கரடி ஓடை முகாமில் கூடாரம் போட ஒன்பது இடங்கள், இரண்டு கழிப்பறைகள், அவற்றைக் கழுவும் பொறுப்பாளராக வெர்ன். செப்டம்பர் பிறந்துவிட்டால் அமெரிக்காவின் ஐடஹோ மலைக்காட்டை விட்டுக் குடும்பங்கள் இறங்கிவிடும். யாரும் திரும்பி வரச்சொல்லாதவர்கள் மட்டும் ஓடைக்கரையில் மிஞ்சுவார்கள். அந்த வாரம் மிஞ்சியவர்கள், நுழைவாயில் டிரெய்லரில் வெர்னும் அவர் மனைவி லோயிஸும், இரண்டாம் இடத்தில் எம்மெட்டும் கிளைடும், நான்காம் இடத்தில் மார்லா என்ற பெண்மணியும் அவள் கணவன் ராயும்.

எம்மெட் ஒரு காப்பீட்டு நிறுவனத்துக்காக எரிந்த கொட்டகைகளையும் இரண்டு முறை செத்த மாடுகளையும் முப்பது வருடம் விசாரித்து ஓய்வு பெற்றவர். கிளைட் அவருடைய முன்னாள் மனைவியின் தம்பி. அக்கா எம்மெட்டை விவாகரத்து செய்து பதினோரு வருடமாகிறது. தம்பி இன்னும் செய்யவில்லை.

"கொலை" என்றார் கிளைட், பேக்கன் இறைச்சியை மென்றபடி.

"முழுங்கிட்டுப் பேசு" என்றார் எம்மெட்.

வெர்ன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். எழுபத்திரண்டு வயது. "எட்டு நாளாச்சு. காலைல போய் ராய் எங்கம்மான்னா, தூங்குறாருங்குறாங்க. சாயங்காலம் கேட்டா மீன் பிடிக்கப் போயிருக்காராம். பதிவுச் சீட்டுல ரெண்டு பேருன்னு இருக்கு. பூட்ஸு மட்டும் கூடார வாசல்லயே கிடக்கு, பதிமூணாம் சைஸ். வெறுங்காலோடவா ஒரு மனுஷன் மீன் பிடிப்பான்?"

"இன்னிக்கு ஏன் பயம் வந்துச்சு?" என்றார் எம்மெட்.

"நேத்து சாயங்காலம் அந்தம்மா ஓடைக்கரைல உக்காந்து அழுதுட்டிருந்தாங்க." வெர்ன் குரலைத் தாழ்த்தினார். "மத்தியானம் சிக்னல் கிடைக்கிற மலை மேல ஏறிப்போய் போலீஸ் ஷெரிஃபுக்கு ஃபோன் பண்ணப் போறேன். அதுக்குள்ள நீங்க ஒரு தடவை பாத்துடுங்க. என் சந்தேகம் தப்பாப் போச்சுன்னா அந்தம்மா பேரு கெட்டுடும்."

"லோயிஸ் என்ன சொல்றாங்க?"

"அவளா? தலைவலின்னு படுத்திருக்கா."

மூவரும் நடந்தார்கள். வழியில் டிரெய்லர். அதன் ஜன்னலுக்குக் கீழே வழியை மறித்துக் கிடந்த தகரக் குப்பைத் தொட்டியை வெர்ன் கடகடவென்று சரளைக்கல் மேல் இழுத்து ஓரம் கட்டினார். படிக்கட்டருகே முன்பக்கம் மூடிய ஒரு ஜோடி பச்சை ரப்பர் செருப்பு, அதற்குள் விளிம்பு வரை பைன் மரத்து ஊசியிலை. 'பொறுப்பாளர்கள்: வெர்ன், லோயிஸ்' என்று பலகை தொங்கியது.

"இந்த வேலைக்கு ஜோடியா இருந்தாத்தான் சேத்துப்பாங்க" என்றார் கிளைட். "போன வருஷம் நானும் மச்சானும் விண்ணப்பம் போட்டோம். சிரிச்சாங்க."

"நான் போடல. நீயா என் கையெழுத்தப் போட்ட" என்றார் எம்மெட்.

நான்காம் இடத்தில் யாருமில்லை. மார்லா குழாயடிக்குத் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். கூடார வாசலில் இரண்டு படகுகள் போல அந்தப் பூட்ஸ். எம்மெட் ஒன்றை எடுத்துக் கவிழ்த்தார். பைன் ஊசி கொட்டியது, பிறகு கொஞ்சம் தண்ணீர். மழை பெய்து நான்கு நாள் ஆகியிருந்தது. ஓடைக்கரை மணலில் இரண்டு மடக்கு நாற்காலிகள் இருந்தன. ஒன்றின் கால்கள் நான்கு விரல் ஆழம் புதைந்திருந்தன. மற்றது மணல் மேல் சும்மா நின்றது. மேசையில் இரண்டு எனாமல் குவளைகள். ஒன்றில் காப்பிக் கறை வளையம் வளையமாக. மற்றது வாங்கிய அன்றைக்கு இருந்த வெள்ளை.

"அளவு பாத்தியா மச்சான்? இவ்வளவு பெரிய ஆளைத் தூக்கவே முடியாது" என்றார் கிளைட். "துண்டு துண்டா வெட்டித்தான் கொண்டு போயிருக்கணும்."

"யாரை?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

மார்லா தண்ணீர்க் குடத்தோடு நின்றுகொண்டிருந்தாள். அறுபது வயதிருக்கும். கண் வீங்கியிருந்தது.

எம்மெட் மேசையின் பெஞ்சைக் காட்டினார். எல்லோரும் உட்கார்ந்தார்கள். கிளைட் மட்டும் அவள் ஓடிவிடாதபடி வழியை மறித்து நின்றார். அவள் அவரைப் பார்த்த பார்வையில் அவரும் உட்கார்ந்தார்.

"மேடம், உங்க புருஷன உங்களால கொல்ல முடியாது" என்றார் எம்மெட். "அவர் பொறக்கவே இல்ல."

மார்லா குடத்தை மேசையில் வைத்தாள்.

"பூட்ஸ் மழையிலயே நின்னிருக்கு. கால் போட்டா ஊசியும் தண்ணியும் உள்ள தங்காது. பதிமூணாம் சைஸ் ஆள் உக்காந்தா அந்த நாற்காலி உங்களோடதவிட ஆழமாப் புதையும். அது மணல்ல பட்டும்படாம நிக்குது. எட்டு நாள் மலைக்குளிர்ல ஒரு மனுஷன் ஒரு குவளை காப்பி கூடக் குடிக்கல. ஒத்தையா வர்ற பொம்பளைங்க கூடார வாசல்ல ஆம்பளை பூட்ஸ வெக்கிறது உண்டு. தப்பில்ல. கொஞ்சம் பெரிசா வாங்கிட்டீங்க."

"பழைய சாமான் கடைல இருந்ததுலயே பெரிசு அதுதான்" என்றாள் மார்லா. "பாத்தவன் பயப்படணும்ல?"

வெர்னுக்கு முகம் சிவந்தது. "ஜெனரேட்டர் சத்தத்துக்காகக் கூடாரத் துணி வழியா அவன்கிட்ட மூணு தடவை மன்னிப்புக் கேட்டேனேம்மா."

"அவரு ஒண்ணும் நினைச்சுக்கல."

"அப்ப நேத்து அழுதது எதுக்கு?" என்றார் கிளைட், வழக்கை விட மனமில்லாமல்.

மார்லா ஓடையைப் பார்த்தாள். "இவ்வளவு நீளத்துக்கு ஒரு மீன் மாட்டுச்சு. திரும்பி, 'ராய், இங்க பாரு'ன்னு கூப்பிட்டுட்டேன்."

கிளைட் தொடையில் தட்டினார். "போய் லோயிஸைக் கூட்டிட்டு வாங்க பெரியவரே. கேட்டா விழுந்து விழுந்து சிரிப்பாங்க."

"கிளைட், போய்க் காப்பி எடுத்துட்டு வா" என்றார் எம்மெட்.

"இருக்கட்டும்." வெர்ன் தொப்பியைச் சுற்றிக்கொண்டிருந்தார். "உங்க கண்ணு அங்கயும் போயிருக்கும். சொல்லுங்க."

"லோயிஸோட அந்தச் செருப்புலயும் ஊசி நிறைஞ்சிருக்கு. தலைவலிக்காரங்க ஜன்னலுக்குக் கீழ குப்பைத் தொட்டிய அப்படி இழுத்தீங்க. உள்ள யாருமில்லன்னு உங்க கைக்குத் தெரியும்." எம்மெட் கொஞ்சம் நிறுத்தினார். "ஒண்ணுதான் புரியல. ஷெரிஃப் வந்தா எல்லாரையும் விசாரிப்பாங்க, லோயிஸையும். உங்களுக்கு இந்த இடம் போயிடும். அது தெரிஞ்சும் ஃபோன் பண்ணக் கிளம்புனீங்களே."

"ஒருத்தன் தண்ணிக்குள்ள கிடந்தா?" என்றார் வெர்ன்.

எம்மெட் பெஞ்சில் அவர் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தார்.

"லோயிஸ் மார்ச்சுல கண்ண மூடிட்டா" என்றார் வெர்ன். "பத்து வருஷமா எங்களுக்குக் கோடைன்னா இதுதான். வீட்ட வித்தாச்சு. செருப்ப எடுத்து உள்ள வச்சுட்டா அப்புறம் நான் எங்க போறது?"

மார்லா எழுந்து, அந்த வெள்ளைக் குவளையில் காப்பி ஊற்றி அவர் முன் வைத்தாள். "அவங்களுக்குத் தொந்தரவா இருக்குமேன்னுதான் உங்க பக்கம் நான் வரவே இல்ல" என்றாள்.

"ராய் தப்பா நினைப்பானேன்னு நானும் இங்க வந்து உக்காந்ததில்ல."

சனிக்கிழமை வனச்சரக அதிகாரி வந்தபோது வெர்ன் தானே போய் உண்மையைச் சொன்னார். அதிகாரி வெகுநேரம் கழிப்பறைகளைப் பார்த்தார். பனி விழும்வரை அவற்றைக் கழுவ வேறு ஜோடி கிடைக்காது என்பதால், அதுவரை இருக்கலாம் என்றார். அடுத்த வருடம் விதி விதிதான் என்றும் சொன்னார்.

ஞாயிறு காலை மார்லா கிளம்பினாள். பூட்ஸ் காரின் முன்சீட்டில் போனது. நுழைவாயிலில் கார் நின்று, பிறகு போனது. வெர்ன் துடைப்பத்தோடு கையசைத்தார். படிக்கட்டருகே செருப்பு அப்படியேதான் இருந்தது. ஊசியும் இருந்தது.

கிளைட் நான்காம் இடத்தைச் சுற்றி வந்தார். "ஒரு நாற்காலிய மறந்துட்டுப் போயிட்டாங்க மச்சான். ராயோடது. நாம எடுத்துக்கலாமா?"

எம்மெட் குனிந்து பார்த்தார். அன்றைக்கு மணல் மேல் சும்மா நின்ற அதே நாற்காலியின் கால்கள் இப்போது நான்கு விரல் ஆழத்துக்குப் புதைந்திருந்தன.

"விடு" என்றார். "அதுல ஆள் உக்காந்திருக்கு."