உடம்புச் சூடு

பெக்துர் எழுந்தான். பல் துலக்கினான். பால் ஊற்றிய தேநீரில் நேற்றைய ரொட்டியை நனைத்துத் தின்றான். பிஷ்கெக்கின் நிலக்கரிப் புகைக்குள் இன்னும் விடியாத தெருக்கள் வழியாகப் பேருந்தில் ஆய்வகம் போய்ச் சேர்ந்தான். கோட்டு. கையுறை. ஆல்கஹால் தெளித்துத் துடைத்த மேசை. பிறகு செல்களுக்குத் தீனி. மற்றவர்கள் வருவதற்குள் அந்த வேலையை முடித்துவிடுவான்.

அன்று, செல்களை உடம்புச் சூட்டிலேயே வைத்திருக்கும் இன்குபேட்டரின் கதவைத் திறந்ததும் எப்போதும்போல ஈரமான வெதுவெதுப்பு முகத்தில் பட்டது. கூடவே ஒரு வாசம். காய்ந்த எண்ணெயில் மாவு பொரியும் வாசம்.

மூடினான். திறந்தான். வாசம் போகவில்லை.

"என்னடா, உள்ள போர்சோக் சுடுறியா?" மிர்லான் பனிக்காலணியை உதறியபடி வந்தான். எதிர் மேசைக்காரன். "எனக்கும் ரெண்டு எடுத்து வை."

"ரப்பர் எரிஞ்சிருக்கும்."

"ரப்பர் இப்படி மணத்தா எங்க வீட்டுல தினமும் ரப்பர்தான்." மிர்லான் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான். "அட, நம்ம கிழடுங்களுக்கு என்ன ஆச்சு? எல்லாம் மஞ்சளா நிக்குது. குமரனுங்க மாதிரி தின்னிருக்கானுங்க."

செல்கள் தின்னத் தின்ன ரோஜா நிறத் திரவம் மஞ்சளாகும். அந்தக் குடுவைகளில் இருந்தவை எழுபது வயதைத் தாண்டியவர்களின் ரத்தத்திலிருந்து பிரித்த செல்கள். அவை அவ்வளவு தின்னக் கூடாது.

முதுமையில் உடம்பின் காவல் செல்கள் எப்படித் தாக்குப்பிடிக்கின்றன என்பதுதான் அவர்கள் ஆய்வு. நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பி இளமையில் புதுச் செல்களை அனுப்பிக்கொண்டே இருக்கும். வயதாக ஆக அது கொழுப்பாகிச் சுருங்கிவிடும். அதன்பின் மிச்சமிருக்கும் செல்களே பிரிந்து பெருகி வெற்றிடத்தை நிரப்ப வேண்டும். சில உடம்புகளில் ஒரே செல்லின் வாரிசுகள் மற்றவற்றை ஒதுக்கித் தள்ளிவிட்டு எங்கும் நிறைந்துவிடும். புதிதாக ஒரு கிருமி வந்தால் அடையாளம் காண ஆள் இருக்காது.

ஆய்வின் தொடக்கத்தில், ஒப்பிட்டுப் பார்க்க இளம் ரத்தமும் தேவைப்பட்டது. வருவதாகச் சொன்ன மாணவி வரவில்லை. இந்த மாதிரி நேரத்தில் எல்லோரும் செய்வதைத்தான் பெக்துரும் செய்தான். வீட்டு ஆளைப் பிடித்தான். சமையலறை மேசையில் மனைவி நூரிசா சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு, "கல்யாணம் பண்ணினதே இதுக்குத்தானா?" என்று சிரித்தாள்.

அவளுக்கு இருபத்தொன்பது வயது. கருவி காட்டியதோ ஒரு கிழவியின் ரத்தத்தை. புதுச் செல்கள் அநேகமாக இல்லை. ஒரே வாரிசுக் கூட்டம் மீதியை விழுங்கியிருந்தது. மற்ற இளம் புள்ளிகள் வரைபடத்தில் ஓரிடத்தில் அழகாகக் கூடி நிற்க, அவள் புள்ளி மட்டும் தனியே தொங்கியது. குழாய் மாறியிருக்கும் என்று தனக்குச் சொல்லிக்கொண்டான். மறுபடி எடுத்துப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. புள்ளியை நீக்கினான். வரைபடம் சுத்தமானது. மாநாட்டில் கை தட்டினார்கள்.

அந்தக் குளிர்காலத்தில் அவளுக்குச் சாதாரணக் காய்ச்சல் வந்தது. அது இறங்கவே இல்லை.

அவளைப் புதைத்து நாற்பதாம் நாள் சடங்கு முடிந்த பிறகு, திரவ நைட்ரஜனில் உறைந்து மிச்சமிருந்த அவள் செல்களை எடுத்து உருக்கினான். உயிரோடு இருந்தன. குடுவையில் வேறொருவரின் எண்ணை ஒட்டி, இன்குபேட்டரின் பின்வரிசையில் வைத்தான். யாருக்கும் சொல்லவில்லை. காலடி ஓசை கேட்டுவிடுமோ என்ற அவசரத்தில், எவரும் செய்யக் கூடாததை அவன் தினமும் செய்தான். முதலில் அவளுக்குத் தீனி ஊற்றிவிட்டு, அவள் செல்களைத் தொட்ட அதே பிப்பெட் குழாயால், அதே போத்தலிலிருந்து, மற்றவர்களுக்கும் ஊற்றினான்.

மதியம் மாமியார் சாய்ராகான் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"மாப்பிள்ளை, இன்னிக்கு வியாழன், போனவங்க வர்ற நாள். போர்சோக் சுட எண்ணெய் காய வச்சிருக்கேன். அந்த வாசம்தான் அவளுக்குச் சாப்பாடு. நீ வந்து பக்கத்துல உக்காந்தா போதும்."

"வேலை இருக்கு அபா."

"உனக்கு என்னைக்கு வேலை இல்ல? சரி, கேளு. கனவுல அவ வாசப்படியிலயே நிக்கிறா. உள்ள வாடி, சூடா இருக்குன்னேன். எனக்கு வேற எடத்துல சாப்பாடு போடுறாங்கன்னு சொல்றா."

அவன் இன்குபேட்டரைத் திரும்பிப் பார்த்தான்.

"கோவிச்சுக்காத. அவளோடது ஏதாவது மண்ணுக்கு வெளிய தங்கிப்போச்சா? முடி, நகம், ஆஸ்பத்திரியில எடுத்தது?"

"இல்ல அபா. ஒண்ணுமில்ல."

"அப்ப சரி. படிச்ச பிள்ளை, உனக்குத் தெரியாதா."

தொலைபேசியை வைத்தபோது காது மடல் எரிந்தது.

மாலையில் மின்சாரம் போனது. மிர்லானும் மற்றவர்களும் கிளம்பிவிட்டார்கள். ஜெனரேட்டரைப் போடுவது பெக்துரின் முறை. அவன் போடவில்லை. குளிர்ந்தால் அவள் செல்கள் தாமாகவே அடங்கிவிடும், தன் கையால் எதுவும் செய்ய வேண்டியிருக்காது என்று நினைத்தான். அந்த நினைப்புக்காக வெட்கப்பட்டான். ஆனாலும் இருட்டில் உட்கார்ந்தே இருந்தான். எங்கோ ஒரு குழாய் சொட்டியது. உறைபெட்டிகளின் முனகல் எப்போதோ அடங்கியிருந்தது. சன்னல் இடுக்கு வழியாக வந்த கரிப்புகையைத் தள்ளிக்கொண்டு அந்த எண்ணெய் வாசம் கனமாக, இனிப்பாக, அறை முழுக்கப் படர்ந்து அவன் சட்டைக்குள்ளும் நாக்கடியிலும் வந்து உட்கார்ந்தது.

வெளிச்சத்துக்குக் கைப்பேசியைப் பிடித்து வெளிக்கதவைத் திறந்தான். உள்கதவின் கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது. உள்ளே பாதரச வெப்பமானி. முப்பத்தேழு டிகிரியைத் தாண்டியிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஏறியது.

மின்சாரம் இல்லை. சூடு எங்கிருந்து?

கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தான். அந்தச் சூட்டை அவனுக்குத் தெரியும். அவள் நெற்றியில் வைத்த கை அது.

ப்ளீச் போத்தலை எடுத்தான். பின்வரிசைக் குடுவையை இழுத்துத் திறந்து ஊற்றினான். மஞ்சள் வெளுத்தது. தண்ணீரானது. உள்ளே எதுவும் மிஞ்சவில்லை. "மன்னிச்சிடு," என்றான்.

பாதரசம் இறங்கவில்லை.

ஏறியது.

வெளிச்சத்தை முன்வரிசைக்குத் திருப்பினான். கிழவர்களின் குடுவைகள். கிழவிகளின் குடுவைகள். ஒவ்வொன்றின் அடியிலும் வெள்ளையாக ஒரு திட்டு. வெறுங்கண்ணுக்கே தெரிந்தது. எல்லாவற்றிலும் அதே திட்டு. எல்லாம் கதவுப் பக்கமாக. அவன் பக்கமாக.

ஒரு குடுவையை மெல்லத் திருப்பி வைத்தான்.

வெள்ளைத் திட்டு அசைந்தது. ஊர்ந்தது. சுவரோரமாகச் சுற்றி வந்தது. அவன் முகத்துக்கு நேராக நின்றது.

அடுத்ததைத் திருப்பினான்.

அதுவும்.

எல்லாம் காத்திருந்தன. கண்ணாடியில் ஆவி படிந்தது. விலகியது. படிந்தது. மூச்சைப்போல.

நூரிசா சாகும்போது கலிமா சொன்னாள் என்றுதான் அபாவிடம் சொல்லியிருந்தான். அவள் கலிமா சொல்லவில்லை. பிராணவாயு முகமூடியைத் தானே விலக்கி, அவன் கண்ணைப் பார்த்துத்தான் சொன்னாள்.

"என் ரத்தத்துல என்ன இருந்துச்சுன்னு நீ சொல்லவே இல்லையே."