பாலத்தை அறுத்தவள்

நேற்று சாயங்காலம் தளர்த்திவிட்டுப் போன பிளேடு இன்று இறுகியிருந்தது.

மாரிட் விரலால் சுண்டிப் பார்த்தாள். ணிங் என்று கூர்மையாக ஒலித்தது. தளர்ந்த பிளேடு அப்படிப் பாடாது. வேலை முடிந்ததும் மரத்தில் படம் அறுக்கும் ரம்பத்தின் நெம்புகோலைத் தூக்கிப் பிளேடைத் தளர்த்துவது ஒன்பது வயதிலிருந்து அவள் கை தானாகச் செய்யும் காரியம். அடி வாங்கிப் பழகிய கை மறக்காது.

நிலவறைப் படியேறிச் சமையலறைக்கு வந்தாள். அம்மா டோரிஸ் சர்ச் விருந்துக்கான உருளைக்கிழங்குப் பாத்திரத்தை அலுமினியத் தாளால் மூடிக்கொண்டிருந்தாள்.

“யாராவது கீழ போனீங்களா?”

“என் முட்டிக்கு அந்தப் படி ஆகுமா? உங்கப்பாவைத் தூக்கிட்டுப் போன அன்னிக்கு இறங்கினது. ஆறு மாசமாச்சு.”

மேசைக்கடியில் குப்புறப் படுத்துப் படம் வரைந்துகொண்டிருந்த ஏழு வயது ப்ரிட்டா தலையைத் தூக்கவில்லை. “நான் போகலம்மா. போனா ஒரு மாசம் டிவி கிடையாதுன்னு சொன்னியே. பாட்டி போனா பாட்டிக்கும் கிடையாதா?”

“பாட்டிக்குத்தான் முதல்ல நிறுத்துவா உங்கம்மா” என்றாள் டோரிஸ். பிறகு மகளிடம், “ஞாயித்துக்கிழமைக்குள்ள முடிச்சிடு. அவர் படம் இல்லாம சர்ச் சுவர் காலியா நின்னா ஊர் என்னைத்தான் கேக்கும். எவ்வளவு நல்ல மனுசன்!”

“உன் ஊரு ஒரு வாரம் இங்க வந்து குடியிருந்திருக்கணும்.”

“செத்தவரைப் பேசாதே.”

“இருக்கும்போது யாரு பேச விட்டா?”

டோரிஸ் பூட்ஸை மாட்டிக்கொண்டு பாத்திரத்தோடு வெளியேறினாள். கார் பனியை நெரித்துக்கொண்டு போகும் சத்தம் தெருமுனைவரை கேட்டது. நவம்பர் மாதத்து விஸ்கான்சின். நாலரை மணிக்கே ஜன்னலெல்லாம் கறுத்துவிட்டது.

ஊர் மரவேலைக் கழகத்தில் ஒருவர் இறந்தால், அவருடைய புகைப்படத்தை இன்னொருவர் மரத்தில் அறுத்துக் கொடுப்பார். இரண்டு பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, ஓரங்களில் டேப் சுற்றி, ஒரே அறுப்பில் இரண்டு முகம். ஒன்று சர்ச் சுவருக்கு, ஒன்று வீட்டுக்கு. மாரிட்டின் அப்பா வெர்னன் முப்பது வருடம் கழகத்தின் தலைவர். கீழே அந்த ரம்பத்தின் மேலேயே கவிழ்ந்து செத்தவர். அவர் முகத்தைத் தொட எவனுக்கும் துணிச்சல் இல்லை. மகள் அறுக்கட்டும் என்று கைகழுவிவிட்டார்கள். மாரிட் அம்மாவுக்காக ஒரு வாரம் வந்திருந்தாள். அப்பா உயிரோடிருந்தவரை ப்ரிட்டாவை அவர் கண்ணில் அவள் காட்டியதில்லை. ஒரு போட்டோகூட அனுப்பியதில்லை. அந்தக் கை படாமல் ஒரு பிள்ளையை வளர்த்தாள். வாழ்க்கையில் அவள் அவரை ஜெயித்தது அந்த ஒன்றில்தான்.

“கண்ணம்மா, சத்தம் நிக்கிறவரைக்கும் மேலயே இரு. கதவு திறந்துதான் இருக்கும். கூப்பிட்டா கேக்கும்.”

“சரிம்மா.”

நிலவறையில் பைன் மரத்தூள் வாசனை, எண்ணெய் வாசனை, ஈரச் சிமெண்ட் வாசனை, எல்லாவற்றுக்கும் அடியில் அப்பா கன்னத்தில் அதக்கிக்கொள்ளும் புதினாப் புகையிலையின் வாசனையும் மெலிதாகக் கிடந்தது. ஆறு மாதமாகியும் அது போகவில்லை, சுவரே அதை மென்று வைத்திருப்பதுபோல. மாரிட் மிதியில் காலை வைத்தாள். தையல் மெஷின் ஊசிபோல மெல்லிய பிளேடு மேலும் கீழும் துடித்தது. மேல் பலகையில் ஒட்டியிருந்த தாளில் அப்பாவின் முகம் கறுப்பு வெள்ளையாகப் படுத்திருந்தது. கறுப்பையெல்லாம் அறுத்து விழுத்தினால் மிஞ்சும் வெள்ளைதான் முகம். ஒவ்வொரு கறுப்புக்கும் ஒரு துளை, துளைக்குள் பிளேடை நுழைத்து, இறுக்கி, அறுத்து, கழற்றி, அடுத்த துளை. புருவம் விழுந்தது. மூக்கின் நிழல் விழுந்தது. உதட்டுக்கோடு விழுந்தது. ஒவ்வொரு துண்டும் கீழே வைத்திருந்த தகர டப்பாவில் டக்கென்று விழும்; அடிப்பலகையின் துண்டும் சேர்ந்து விழுவதால் எப்போதும் இரண்டு டக்.

கண்கள் மட்டும் பாக்கி.

கறுப்பு விழிக்குள் ஒரு அரிசிமணி அளவு வெள்ளை. வெளிச்சப்புள்ளி. சுற்றியுள்ள கறுப்பு விழுந்துவிடுவதால், அந்தப் புள்ளியை விழாமல் தாங்குவது மயிரளவு மரம் ஒன்றுதான். அதைப் பாலம் என்பார்கள். ஒன்பது வயதில் மாரிட் அந்தப் பாலத்தை மறந்து அறுத்துவிட்டாள். யாரோ ஒரு பாதிரியாரின் படம். அப்பா கத்தவில்லை. அவள் பின்கழுத்தைப் பிடித்துத் தரையோடு அழுத்தினார்.

“கண்ணுல வெளிச்சம் இல்லேன்னா அது மனுசன் இல்லடி, வெறும் ஓட்டை. விழுந்ததைத் தேடி எடு. கிடைக்கலேன்னா வேற கண்ணுலேருந்து எடுத்து வைப்பேன்.”

சொல்லிவிட்டு அவள் கண்ணையே பார்த்தார். விடியும்வரை மரத்தூளில் முட்டிபோட்டுத் துழாவி இரண்டையும் எடுத்துக் கொடுத்தாள்.

இப்போது இரண்டு விழிகளின் கறுப்பையும் அறுத்துத் தள்ளிவிட்டு, அவள் பாலத்தைப் பார்த்தாள். இடது கண்ணில் ஒன்று. வலது கண்ணில் ஒன்று.

“ஊரே வந்து பாக்கட்டும் உன் ஓட்டையை” என்றாள் சத்தமாகவே.

அறுத்தாள். மறந்து அல்ல, வேண்டுமென்றே. பிளேடு பாலத்தைக் கடந்தபோது வெண்ணெயில் போவதுபோல் போனது. வலது கண்ணையும் அதேபோல்.

டக் சத்தம் வரவில்லை.

மிதியிலிருந்து காலை எடுத்து, பிளேடைக் கழற்றிப் பலகைகளை மேசைமேல் நகர்த்தினாள். டப்பாவைக் கவிழ்த்துக் கிளறினாள். புருவம் இருந்தது, மூக்கு இருந்தது, விழியின் கறுப்புத் துண்டுகள்கூட இருந்தன. வெளிச்சப்புள்ளி மட்டும் ஒன்றுகூட இல்லை. மேசைமேல் இல்லை. மடியில் இல்லை. அவளை அறியாமலே முட்டி மடங்கியது. முப்பத்தொரு வயதில் மறுபடியும் அதே தரை, அதே தூள், அதே துழாவல். தன்மேலேயே அவளுக்குக் காறித் துப்பத் தோன்றியது.

தலைக்கு மேல் பலகைத் தளம் முனகியது. ப்ரிட்டா நடக்கிறாள். சின்னக் காலடி.

அதன் பின்னால் இன்னொரு காலடி. கனமானது. நிதானமானது.

“ப்ரிட்டா?”

நாற்காலி இழுபடும் சத்தம். பிறகு குழந்தையின் குரல், கூச்சத்தோடு, யாரோ கேட்டதற்குப் பதில்போல: “ஏழு முடிஞ்சிடுச்சு.”

பிறகு, “வலிக்காதுல்ல?”

மாரிட் எழுந்தாள். கை மேசையில் பட்டுப் பலகைகள் தரையில் விழுந்தன. டேப் கிழிந்து இரண்டும் பிரிந்துகொண்டன. மேல் பலகையில் அப்பா, இரண்டு வெற்றுக் குழிகளோடு. அவள் நினைத்தது அதைத்தான். அதே பிளேடு, அதே அறுப்பு. அடிப்பலகையும் அப்படித்தான் இருந்தாக வேண்டும்.

அப்படி இல்லை.

அடிப்பலகையிலும் பாலம் அறுபட்டிருந்தது. ஆனால் வெளிச்சம் நின்றது. எதிலும் ஒட்டாமல், எதுவும் தாங்காமல், வெறும் குழியின் நடுவில் இரண்டு புள்ளிகள். மரம் இல்லை. ஈரம். அவள் நகர்ந்தபோது அவையும் நகர்ந்தன.

புதினா வாசனை படிவழியாக இறங்கி வந்தது.

ஓடினாள். முதல் படி. மூன்றாவது. கால் வழுக்கி முழங்கால் இடித்தது. நிமிர்ந்தாள்.

படியின் உச்சியில், திறந்த கதவில், ப்ரிட்டா நின்றிருந்தாள். அவள் தலைக்கு நேர் மேலே சமையலறையின் பெரிய பல்பு கண்கூச எரிந்துகொண்டிருந்தது. அவள் ஒரு கையால் சுவரைத் தடவிக்கொண்டிருந்தாள்.

“அம்மா, லைட்டைப் போடும்மா.”

“எரியுதே கண்ணம்மா...”

குரல் வந்த பக்கமாகக் குழந்தை முகத்தைத் திருப்பியது. இமைகளுக்கு நடுவே இரண்டு துளைகள். அவற்றின் வழியே, அவள் தலைக்குப் பின்னால் ஜன்னலில் தொங்கிய மஞ்சள் திரை, காற்றில்லாமல் ஆடிக்கொண்டிருந்தது தெரிந்தது. ஒரு சொட்டு ரத்தம் இல்லை. துளைகளின் விளிம்பில் ஒரு சிலாம்புகூட இல்லை.

அவ்வளவு சுத்தமாக அறுக்க அந்த ஊரில் ஒரே ஒரு கைக்குத்தான் தெரியும்.