தட்டு பார்க்காத சோறு

தட்டின் விளிம்பு முதன்முதலில் சிவப்பாக எரிந்தது எங்கள் மாடியில் இருக்கும் சுயம்புக்கனியின் வீட்டிலா, எங்கள் வீட்டிலா என்பதில் எனக்கு இப்போது உறுதியில்லை. அவள் வீட்டில்தான் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அப்படியே வைத்துக்கொள்கிறேன்.

தூத்துக்குடிக்குத் தெற்கே, கடலுக்குள் கட்டிய உப்புநீக்கி நிலையத்தின் குடியிருப்பில் அப்போது ஆளுக்கொரு பங்குத்தட்டு இருந்தது. கை பட்டதும் அதில் ஒரு ஒளிவட்டம் தோன்றி மூன்றாகப் பிரியும். பாதி காய்க்கும் கீரைக்கும், கால் சோற்றுக்கு, கால் மீனுக்கோ பருப்புக்கோ. கோட்டுக்குள் பரிமாறினால் விளிம்பு பச்சை, மீறினால் சிவப்பு. ஒருவர் என்ன தின்கிறார், தின்றபின் உடம்பு எப்படி இருக்கிறது என்று பார்த்துப் பார்த்து, அவரவர் வட்டத்தின் அளவைத் தட்டே கற்றுக்கொண்டது.

சுயம்புக்கனிக்குப் பெண்குழந்தை பிறந்த ஆண்டு மழை பொய்த்தது. வீடுகளுக்கான உணவு ஒதுக்கீட்டைக் குறைத்தார்கள். குழந்தை குப்புற விழுவதற்குள் அவளுக்குப் பால் வற்றியது. அவளுடைய வட்டமோ அப்பள அளவுதான். அதற்குள் பரிமாறினாள், விளிம்பு பச்சையாகவே எரிந்தது. குழந்தை அழுதுகொண்டே இருந்தது.

பங்கீட்டு மையத்துக்கு அவளுடன் நானும் போனேன். அலுவலர் தேவசகாயம் நல்ல மனிதர். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் தின்றதையெல்லாம் திரையில் படமாக விரித்தார். தினமும் ஒரு கை சோறு, ஒரு துண்டு காய். ஆனாலும் எடை குறையவில்லை, நாடி சீராக இருந்தது. கொஞ்சமாகத் தின்று நன்றாக வாழும் உடம்பு என்று தட்டு முடிவுகட்டியிருந்தது. குடியிருப்பின் பெண்கள் எல்லோருடைய படமும் அப்படித்தான் இருந்தது.

எங்களில் யாரும் தட்டில் வயிறாரத் தின்றதே இல்லை. வீட்டில் எல்லோரும் சாப்பிட்டு எழுந்தபின், பேருக்குத் தட்டில் ஒரு கை வைத்துவிட்டு, குழம்புச் சட்டியில் மிச்சச் சோற்றைப் போட்டுப் பிரட்டி, அடுப்படியில் நின்றபடியே தின்போம். சட்டிக்குக் கண் கிடையாது. ஒதுக்கீடு குறைந்ததும் சட்டியில் மிச்சம் நின்றுபோனது. தட்டில் இருந்த அந்த ஒரு கைதான் எங்களுக்கு என்று ஆனது. இதை அவரிடம் சொன்னோம்.

"பிள்ள பெத்தவளுக்கு இது போதாதுன்னுகூடவா அதுக்குத் தெரியாது?" என்றாள் சுயம்புக்கனி.

"அதையும் பிள்ள பெத்தவங்களப் பாத்துதாம்மா அது படிச்சுது. நீங்க சட்டியில தின்னதுக்குத் தட்டு என்னம்மா செய்யும்?"

அளவைக் கையால் மாற்ற வழியில்லை என்றார். அவள் குழந்தையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

"சரி. இனிமே தட்டுலயே திங்கேன்."

அன்று மதியம் கணவன் லிங்கதுரைக்கு முன்பாகவே உட்கார்ந்தாள். கீரையும் சோறும் மீனும் தட்டு நிறைய எடுத்துக்கொண்டாள். விளிம்பு சிவந்தது. அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"ஏட்டி, எனக்கு?"

"சட்டியில கெடக்கு."

அவன் சண்டை போடவில்லை. குழந்தையின் அழுகையை அவனும் கேட்டுக்கொண்டுதான் இருந்தான். சட்டியில் சோற்றைப் போட்டுப் பிரட்டி ஒரு வாய் தின்றவன், "இந்த ருசியையா இத்தன நாளா ஒளிச்சு வச்சிருந்த, கள்ளி" என்றான்.

மறுநாள் நானும் அப்படியே உட்கார்ந்தேன். பிறகு மாடிதோறும் பெண்கள் உட்கார்ந்தார்கள். சாப்பாட்டு வேளையில் எங்கள் ஜன்னல்கள் எல்லாம் சிவந்திருந்தன. மையத்திலிருந்து எச்சரிக்கை வந்தது, யாரும் எழவில்லை. சுயம்புக்கனிக்குப் பால் திரும்பியபோதும் தட்டு சிவப்பாகவே எரிந்தது. அடுத்த மழைக்குப் பின்தான் அவளுடைய வட்டம் விரிந்து விளிம்பு பச்சையானது. சட்டியைக் கழுவிக்கொண்டே எங்களுக்குள் சிரித்துக்கொண்டோம்.

வீட்டுக்கு வரும் பொருள் மட்டும் கூடவில்லை. ஆண்கள் தட்டில் பேருக்கு ஒரு கை வைத்துவிட்டுச் சட்டியோடு அடுப்படியில் நின்றார்கள். தட்டு அதையும் பார்த்தது.

சுயம்புக்கனியின் மகள் இப்போது பள்ளிக்குப் போகிறாள். லிங்கதுரை நிலையத்தின் ஏணியில் பசியால் மயங்கி விழுந்து கால் ஒடிந்து, வீட்டில் இருக்கிறான். அவனுடைய வட்டம் அப்பள அளவுக்கு வந்துவிட்டது. சுயம்புக்கனி அவனைத் தினமும் எதிரே உட்காரவைத்து, கோட்டைத் தாண்டிப் பரிமாறுகிறாள். மீண்டும் சிவப்பு எரிகிறது. அவள் விடுவதாக இல்லை. நான் அதே மாடியில்தான் இருக்கிறேன். தேவசகாயம் ஓய்வுபெற்றுவிட்டார். அவர் சட்டியில்தான் சாப்பிடுகிறார் என்று அவர் மனைவி சொன்னார்.