வெள்ளைக்கார வக்கீலைக் கடத்தியது யார்?

ஓய்வுபெற்ற சி.ஐ.டி. இன்ஸ்பெக்டர் குத்புதீனின் தென்னூர் வீட்டுக்குக் கல்லூரி ஆசிரியர் ஸ்தனிஸ்லாஸ் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடிவந்தார்.

“போச்சுங்க ஐயா! என் ஆராய்ச்சிக் காகிதக் கட்டைக் காணோம். கார்பன் பிரதியும் அதோடதான் இருந்துச்சு. நாளைக்குக் குடுக்கலைன்னா டாக்டர் பட்டம் கிடையாது. பத்து வருஷ உழைப்பு!”

போன நூற்றாண்டில் அமெரிக்காவில் வாழ்ந்த ஒரு வக்கீலின் சரித்திரம் அது. வேலித் தகராறுகளுக்கு வாதாடத் தொடங்கி, இரண்டு தேர்தலில் மண்ணைக் கவ்வி, மூன்றாவதில் கவர்னரானவர். ஊர் ஊராகக் கோர்ட்டுக்கு அலைந்தபோதும் மனைவிக்குக் கடிதம் போடத் தவறாத மனுஷன்.

“அவர் கவர்னரான பக்கத்துல அடையாளத்துக்கு வேளாங்கண்ணி மாதா படம் வச்சிருந்தேன். அதுவும் போச்சு” என்று புலம்பினார் ஸ்தனிஸ்லாஸ்.

“நேத்து வீட்டுக்கு யாரு வந்தாங்க?”

“கூட வேலை பார்க்கிற இருதயநாதன் மட்டும்தான்.”

குத்புதீனிடம் முன்பு ஏட்டாக இருந்த அற்புதசாமி துள்ளி எழுந்தார். இருதயநாதனின் ஆராய்ச்சியைப் பல்கலைக்கழகம் திருப்பி அனுப்பியது பாலக்கரை முழுக்கத் தெரிந்த கதை.

“வயித்தெரிச்சல்தாங்க ஐயா! பிடிச்சிட்டு வரேன்.”

“பிடிக்க வேணாம். இவர் வீட்டுக்குக் கூட்டிட்டு வாங்க.”

ஸ்தனிஸ்லாஸின் பாலக்கரை வீட்டில் அவர் மனைவி டோரதி எல்லோருக்கும் காபி கொடுத்தாள். கூடத்துப் பீடத்தில் இருந்த சுரூபச் சிலையின் காலடியில் சின்னதாக ஒரு மாதா படம் சாய்ந்திருந்தது. கொல்லையில் கோழிகள் தூறலில் நனைந்து நிற்க, கூடு சாத்தியிருந்தது. அற்புதசாமியும் இதையெல்லாம் பார்த்தார்; ஆனால் கவனமெல்லாம் இருதயநாதன் மேல்தான்.

“பொறாமை இருக்கு, இல்லேங்கலை. ராத்திரி தூக்கமே வரலை. ஆனா நான் எடுக்கலைங்க” என்றார் இருதயநாதன்.

“நீங்க எடுத்திருந்தா மாதா படமும் கட்டோட போயிருக்கும்” என்றார் குத்புதீன் நிதானமாக. “எடுத்தவங்க படத்தை மட்டும் உருவிப் பீடத்துல வச்சிருக்காங்க. ஏன்? கட்டை ஒளிச்ச இடத்துல மாதாவை வைக்க மனசு வரலை. அப்படியொரு இடம், கோழியைக்கூட உள்ளே விடாம சாத்திக் கிடக்கு. அற்புதசாமி, கூட்டைத் திறங்க.”

கோழி எச்சத்துக்கு நடுவே வக்கீல் பத்திரமாக இருந்தார்.

ஸ்தனிஸ்லாஸ் திகைத்துப்போய் மனைவியைப் பார்த்தார். “நீயா? ஏன் டோரதி?”

“பத்து வருஷமா சோறு போடுறப்போ எல்லாம் அந்த ஆளு பேச்சுதான். பொண்டாட்டியை எப்படிக் கொஞ்சினாருன்னு எங்கிட்டயே படிச்சுக் காட்டுவீங்க. எனக்கு எரியாதா?” டோரதியின் குரல் உடைந்தது. “எனக்கு என்ன பூ பிடிக்கும்? சொல்லுங்க பாப்போம்.”

ஸ்தனிஸ்லாஸ் தயங்கவேயில்லை. “ரோஜாப்பூ!”

“அது அந்த வக்கீலோட சம்சாரத்துக்கு” என்றாள் டோரதி.