விடாத படங்கள்

மூடிய விண்டோ திரையிலிருந்து மறைந்துவிட்டது. ஆனால் ஏதோ ஒன்று மறையவில்லை. கௌசலாவுக்கு முதலில் தெரிந்தது அவ்வளவுதான்.

உங்களுக்கும் புரியும், கண்ணுகளா. ஒரு விண்டோவை மூடினால், அதன் படத்தைக் கணினி தன் நினைவிலிருந்து விட்டுவிட வேண்டும். கௌசலாவின் அலுவலகத்தில் எழுதிய மென்பொருள் விடவில்லை. பிடித்து வைத்துக்கொண்டே போய்க் கடைசியில் திணறி நின்றது. மெமரி லீக் என்பார்கள். "லீக் எங்கேன்னு கண்டுபிடிக்கிறவங்கதான் டீம் லீட்," என்று முதலாளி சிவநேசன் சொல்லியிருந்தார். சொன்னபோது அவர் பார்த்தது உஷாராணியை. புதிதாய் வேலைக்கு வந்த பெண்ணை.

அதனால்தான் தைப்பூசத்தன்று எல்லாரும் பத்துமலைக் கோயிலுக்குப் போயிருக்க, கௌசலா மட்டும் பிரிக்பீல்ட்ஸ் அலுவலகத்தைத் திறந்தாள். கீழே பூக்கடையின் மல்லிகை வாசம் மாடியேறி வந்து, அணைத்து வைத்திருந்த ஏர்கோன் குளிர்பெட்டியின் ஈர வாடையோடு கலந்து, உஷாராணியின் காலி நாற்காலியைச் சுற்றி நின்றது. மோனோரயில் போகும்போதெல்லாம் ஜன்னல் கண்ணாடி பல்லைக் கடிப்பதுபோல் நறநறத்தது.

விடாமல் தேங்கியிருந்த படங்களை ஒவ்வொன்றாகத் திறந்தாள். ஒன்றிலும் விண்டோ இல்லை. எல்லாம் உஷாராணி. சிரிக்கிற உஷாராணி. முதலாளி பாராட்டும்போது தலை குனிகிற உஷாராணி. கௌசலாவின் நாற்காலியிலிருந்து தெரிகிற அதே பக்கவாட்டில். அங்கே கேமராவே கிடையாது. ஒவ்வொன்றும் அவள் வயிறெரிந்து பார்த்த பார்வை.

எண்ணிக்கையில் ஒன்று கூடியது. அவள் எதையும் தொடவில்லை.

புதுப் படம். மஞ்சள் சேலை. தலையில் பால்குடம். பத்துமலைப் படிகள். முதுகுப்பக்கமிருந்து.

இன்னொன்று. நெருக்கத்தில்.

போன் அடித்தாள். உஷாராணியின் தம்பி கிஷன் எடுத்தான்.

"எங்கக்கா தலையில பால்குடம் இருக்கு லா. ஸ்பீக்கர்ல போடுறேன், பேசுங்க."

மேளச் சத்தத்துக்கு நடுவே உஷாராணி மூச்சு வாங்கினாள். "கௌசலாக்கா! டீம் லீட் உங்களுக்கே கிடைக்கணும்னுதான் வேண்டிக்கிட்டு ஏறுறேன். மேல வந்தாச்சு... ஏங்க்கா, நீங்களும் வந்திருக்கீங்களா? பின்னால உங்க சென்ட் வாசம் அடிக்குதே."

ஓரமாய்ப் போ, கம்பியைப் பிடி என்று கத்த வாய் திறந்தாள் கௌசலா.

எனக்காக வேண்டிக்கொள்வதிலும் அவள்தான் நல்லவள்.

வாய் மூடிக்கொண்டது. ஒரு கணம். ஒரே கணம்.

அடுத்த படம். வியர்த்த பிடரி. மல்லிகைச் சரம். அதை நோக்கி நீளும் கை. விரலில் கௌசலாவின் மோதிரம்.

போனில் குடம் உருண்டது. படி. படி. படி. கிஷன் அலறினான்.

மவுஸின் மேலிருந்த தன் கையைக் குனிந்து பார்த்தாள்.

விரல்களிலிருந்து பால் சொட்டிக்கொண்டிருந்தது.